காலிக் கட்டம்

பன்னிரண்டாவது வரியிலும் ஏழு என்று விழுந்ததும் அட்டவணைக்காரி நாற்காலியை விட்டு எழுந்து, ஆளில்லாத அறையில் தனக்குத்தானே ஒருமுறை கைதட்டிக்கொண்டாள். பின்னே, அவளைத் தட்டிக்கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? ஐஸ் ஹாக்கி லீக்கின் தலைமை அலுவலகத்தில் மற்ற எல்லா வேலைக்கும் நாலைந்து பேர். அட்டவணைக்கு மட்டும் அவள் ஒருத்திதான்.

பன்னிரண்டு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற பதினொன்றோடும் நான்கு நான்கு முறை மோத வேண்டும்; பாதி சொந்த ஊரில், பாதி அடுத்தவர் ஊரில். மொத்தம் இருநூற்று அறுபத்து நான்கு ஆட்டங்கள். கேட்டால் பள்ளிக்கூடக் கணக்கு மாதிரிதான் இருக்கும். உட்கார்ந்து போட்டுப் பார்த்தால்தான் பிழைப்பு தெரியும். ஒரு ஸ்டேடியத்தில் அந்தச் சனிக்கிழமை பாட்டுக் கச்சேரி என்பார்கள், இன்னொன்றில் மூன்று நாள் நாய்க் கண்காட்சி. ஒரு கிளப்புக்குச் சனிக்கிழமை ஆட்டம் ஒன்று குறைந்தால் போதும், மூக்கால் அழுவார்கள். சின்னப் போர்வைக்குள் பெரிய குடும்பம் படுத்த கதைதான். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் கால் தெரியும்.

இருப்பதிலேயே பொல்லாதது அடுத்தடுத்த நாள் ஆட்டம். இன்று ஒரு ஊரில் ஆடிவிட்டு நாளையே இன்னொரு ஊரில் ஆடுவது. அதைத்தான் அவள் எட்டு வருஷமாக அடித்துப் பிடித்து எல்லோருக்கும் சரிசமமாக்கி வைத்திருந்தாள். ஆளுக்கு ஏழு. யார் சண்டைக்கு வந்தாலும் திரையில் அந்த வரிசையைக் காட்டுவாள். ஏழு, ஏழு, ஏழு என்று பன்னிரண்டு வரி. வந்தவர் வாயடைத்துப் போய்விடுவார். அந்த வரிசையின் மேல் அவளுக்கு, சொல்ல வெட்கம்தான், ஒரு தாய்ப்பாசமே இருந்தது.

இந்த வருஷ அட்டவணையும் கிளப்புகளுக்குப் போயாயிற்று. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம், கையெழுத்து, முடிந்தது கதை. புதன்கிழமை காலை, கதவருகே தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"நான் பஸ் ஓட்டுறவன் மேடம். கடைக்கோடி டீமுக்கு."

எல்லா ஊருக்கும் தள்ளி, நெடுஞ்சாலை முடிகிற இடத்தில் இருப்பதால் அந்த அணிக்கு அந்தப் பெயர். அவர்களே கூட அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

"உக்காருங்கண்ணே. ஆட்சேபணை ஏதாவது இருந்தா கிளப் லெட்டர்ல எழுதித்தான் வரணும்."

"கிளப்புக்கே தெரியாது நான் வந்தது. இது லெட்டர்ல எழுதற விஷயம் இல்லம்மா."

அவள் வழக்கம்போலத் திரையைத் திருப்பினாள். "பாருங்க, எல்லாருக்கும் ஏழு, உங்களுக்கும் ஏழு. இம்மி வித்தியாசம் கிடையாது."

அவர் நிதானமாகப் பார்த்தார். "ஏழுதாம்மா. இல்லேங்கல. நகரத்து டீம் பஸ்ஸை ஓட்டுறவன் என் சிநேகிதன்தான். அடுத்தடுத்த நாள் ஆட்டம்னா, முடிஞ்ச நாப்பதாவது நிமிஷம் அவன் வீட்ல சாப்பிட்டுக்கிட்டிருப்பான். நான் மூட்டையெல்லாம் ஏத்திட்டு பத்து மணி நேரம் ஓட்டுவேன். அதுவும் ஏழு, இதுவும் ஏழா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊர் தூரமாக இருப்பதற்கு அவளா பொறுப்பு? அப்படியெல்லாம் பார்த்தால் அட்டவணையே போட முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் தொப்பியைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார்.

"போன சீசன்ல ஒரு நாள், விடியிற நேரம், கண்ணு சொக்கிடுச்சும்மா. முழிச்சுப் பாத்தா பஸ்ஸு ரோட்டை விட்டு எறங்கி புல்லு மேல ஓடிக்கிட்டிருக்கு. எப்படித் திருப்பினேன்னு எனக்கே தெரியாது. உள்ள இருபத்தாறு பேரு. ஒருத்தனும் முழிக்கல. ஊர் வந்ததும் ஒவ்வொருத்தனா எறங்கி, தோளைத் தட்டி, 'தேங்க்ஸ்ணே'ன்னு சொல்லிட்டுப் போறான். அந்த தேங்க்ஸ் இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஜீரணமாகல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல. வெளிய தெரிஞ்சா நாளைக்கே சாவியை வாங்கி வெச்சிருவாங்க. இருபத்திரண்டு வருஷமா இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். ரெண்டாவது டிரைவர் போடறதுக்கு எங்க கிளப்புக்கு வக்கு கிடையாது. உங்ககிட்ட சொன்னா ஏதாவது வழி பொறக்கும்னு தோணுச்சு."

அவர் போன பிறகு அவள் கடைக்கோடியின் ஏழையும் பிரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பயண மணியை எழுதினாள். ஏழில் நான்கு, அந்தப் பத்து மணி நேரச் சாலை. எட்டு வருஷம்! யாருக்கும் அவள் ஓரவஞ்சனை செய்யவில்லை. சமமாக வெட்டிக்கொடுத்திருந்தாள், எதை வெட்டுகிறோம் என்று மட்டும் பார்க்கவில்லை. அந்த மனிதர் சொல்லாமலே இருந்திருந்தால் அடுத்த வருஷமும் கைதட்டிக்கொண்டிருப்பாள். வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் படியேறி வந்தாரே, அவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு நாளில் மொத்தத்தையும் கலைத்துப் போட்டாள். "கூட்டத்துக்கு முந்தின நாள் எவளாவது கூரையைப் பிரிப்பாளா?" என்று கேட்ட கணவன், கேட்ட கையோடு அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறும் போட்டான். கடைசியில் கடைக்கோடிக்கு அடுத்தடுத்த நாள் மூன்றுதான் என்று வந்தது, மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர். ஆனால் ஐந்து அணிகளுக்கு ஏழு எட்டாகிவிட்டது. அவளுடைய செல்ல வரிசை கோணல்மாணலாக நின்றது. கூட்டத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய அட்டவணைதான். அந்த மனிதர் மறுபடி நான்கு விடியல் ஓட்ட வேண்டும். ஏன் மாற்றினாய் என்று கேட்டால் அவரைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

நகரத்து அணியின் மேலாளரைச் சண்டைக்கோழி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர் காதுபடவே. உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"எங்களுக்கு எட்டு, அவங்களுக்கு மூணு. எட்டு வருஷமா ஏழு ஏழுன்னு எங்களுக்குப் பாடம் நடத்தினது நீங்கதானே? அதுக்குப் பேரு நியாயம்னா இதுக்கு என்ன பேரு?"

"அது என் தப்பு சார்," என்றாள். அந்த அறையில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "நாளை எண்ணினேன், ரோட்டை எண்ணல. உங்க ஏழுல பஸ்ல இருக்கிற நேரம் மொத்தமே அஞ்சு மணி நேரம். அவங்க ஏழுல நாப்பத்தி மூணு." கடைக்கோடியின் மேலாளர் தாளின் ஓரத்தில் எழுதிக் கூட்ட ஆரம்பித்தார். அவரும் அதை இதுவரை கூட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

சண்டைக்கோழி தாளை முன்னும் பின்னும் திருப்பினார். அடுத்த அடி எங்கிருந்து விழும் என்று அவள் மேசைக்கடியில் விரல்களைப் பின்னிக்கொண்டாள். அவர் அவளை விட்டுவிட்டுக் கடைக்கோடி மேலாளரைப் பார்த்தார்.

"ஏன்யா, உங்க பஸ்ஸை இன்னும் அதே ஆளுதான் ஓட்டுறாரா?"

"அதே ஆளுதான்."

"நான் உங்க டீம்ல மூணு சீசன் ஆடினேன். அப்ப இருபது வயசு. ஏறினதும் தூங்கிடுவேன், ஊர் வந்ததும் முழிப்பேன்." அவர் தாளை மேசையில் வைத்தார். "நடுவுல ஒருத்தர் முழிச்சிருந்தாருன்னு இன்னைக்குத்தான் நினைக்கிறேன். எட்டுன்னே இருக்கட்டும்மா. பேனா குடுங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரி எழுந்து வெளியே போய்விட்டு வந்தாள். வந்தபோது தாள் ஒன்பதாவது கைக்குப் போயிருந்தது.

சீசன் தொடங்கி ஆறாவது வாரம், காலை பத்தரைக்குப் போன் அடித்தது.

"மேடம், நான்தான். பஸ்ஸு."

"என்னண்ணே ஆச்சு? எங்க இருக்கீங்க?"

"ஒண்ணும் ஆகலம்மா. லாட்ஜ்லதான் இருக்கேன். நேத்து ஆட்டம் முடிஞ்சு இங்கயே படுத்துட்டோம், மதியம்தான் கிளம்பறோம்." குரல் கரகரவென்று, தொண்டையே இன்னும் திறக்காதது போல இருந்தது. "இப்பத்தான் எழுந்தேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்த முனையில் நீளமாக ஒரு கொட்டாவி கேட்டது. எதிர்ச் சுவரில் அந்த வாரத்துத் தாள் தொங்கியது. சிவப்பும் நீலமும் பச்சையுமாக நெருக்கியடித்த கட்டங்களுக்கு நடுவே, கடைக்கோடியின் வரியில், இன்றைய தேதிக்கு நேராக, ஒன்றும் எழுதாத ஒரு வெள்ளைக் கட்டம்.