சித்தி கட்டிலருகே ஓர் உளவாளி

"நீ என்னைப் பாக்க வந்தியா, நர்ஸுங்க கையைப் பாக்க வந்தியா?" என்று சித்தி கேட்டதும், கட்டிலருகே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மெதுவா பேசுங்க சித்தி!"

சித்திக்கு முழங்காலில் ஆபரேஷன். துணைக்கு வந்த அக்கா மகளை வார்டில் யார் சந்தேகப்படுவார்கள்? அவளும் நர்ஸ்தான், மேல்படிப்பு படிக்கிறாள், நோயாளியைத் தொடும் முன் நர்ஸுகள் கை கழுவுகிறார்களா என்பதுதான் அவள் ஆராய்ச்சி என்பதெல்லாம் சித்திக்கு மட்டுமே தெரியும். எல்லோரிடமும் சொல்லி அனுமதி வாங்கச் சொல்லியிருந்தார் பேராசிரியை. சொன்னால் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொள்வார்களே! நிஜம் கிடைக்காவிட்டால் பட்டம் வாங்கி என்ன பிரயோஜனம்?

அன்று காலை கட்டு மாற்ற வந்த சின்ன நர்ஸின் போன் அலறியது. எடுத்துப் பேசினாள், பையில் போட்டாள், அதே கையோடு கட்டை அவிழ்க்கக் குனிந்தாள்.

ஆராய்ச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? வாயை மூடிக்கொண்டால் போதும். ஆனால் கால் சித்தியுடையது.

"சிஸ்டர், கை!"

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, நல்லவேளை! எப்படிம்மா கவனிச்சீங்க?"

"அவ வேலையே அதுதானே! வந்ததிலேருந்து உங்க கையைப் பத்தித்தான் எழுதிக்கிட்டிருக்கா" என்றாள் சித்தி, பெருமை பொங்க.

தலைமை நர்ஸ் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"கேட்டிருந்தா நானே நாற்காலி போட்டுக் குடுத்திருப்பேனே! இப்படியா ஒளிஞ்சிருந்து பாக்கறது?"

"தப்புதான் மேடம். தெரிஞ்சா நடிப்பீங்கன்னு…"

"நடிப்போம். எத்தனை நாளைக்கு? எங்களுக்கு வேற பொழப்பு இல்லையா? எழுதினதைக் கிழி. நாளைக்கு எல்லார்கிட்டயும் கேட்டுட்டு உக்காரு. ஆனா ஒண்ணு, தப்பு நடந்தா இன்னைக்கு மாதிரியே கத்தணும். அப்புறம் எழுதிக்கோ."

அழாக்குறையாகக் கிழித்தாள்.

மறுநாள் எல்லோரிடமும் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். குழாய்க்கு ஓய்வே இல்லை. மணி என்ன என்று கேட்ட நோயாளிக்குக்கூடக் கையைக் கழுவிவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். சித்தி வீட்டுக்குப் போன பிறகும் நாடகம் ஓடியது. ஆராய்ச்சி அவ்வளவுதான் என்று அவள் முடிவு கட்டியபோது வார்டு மெல்லத் தன் பழைய சண்டைக்கும் சிரிப்புக்கும் திரும்பியது.

ஒரு மதியம் சின்ன நர்ஸ் அரக்கப்பரக்க வந்தாள். வைக்க இடமில்லாமல், மூடியிட்ட மருந்துத் தட்டை ஆராய்ச்சிக்காரியின் மடியில் வைத்தாள். மேஜைக்கு யாராவது நன்றி சொல்வார்களா? அவளும் சொல்லவில்லை. குழாயடிக்குப் போய், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி விரலிடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

ஆராய்ச்சிக்காரி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, பேனாவைப் பல்லில் கவ்வியபடி, மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.