நாலு நாளில் வந்தவன்

நாற்பத்து நாலாம் வருஷம், ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த ஆள் ஏலாக்குறிச்சியில் எங்கள் வீட்டைத் தேடி வந்தான். காக்கி நிக்கர், கையில் தகரப் பெட்டி. பெயர் மதுரைவீரன், ஊர் பெரம்பலூர்ப் பக்கம், இம்பாலில் பட்டாளத்துத் துரை ஒருவருக்குச் சமையல்காரன் என்றான். என் வீட்டுக்காரர் பிலவேந்திரன் அங்கேதான் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. வெள்ளிக்கிழமை காலையில அவரு லாரி மேல குண்டு விழுந்துடுச்சு. சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. வெள்ளிக்கிழமை இம்பாலில் அடக்கம் பார்த்தவன் செவ்வாய்க்கிழமை என் வாசலில் எப்படி நிற்கிறான்? அவர் அங்கே போய்ச் சேரவே ரயிலும் லாரியுமாக அரை மாதம் ஆகியிருந்தது.

மாசியில் வரதராஜன்பேட்டைக்கும் இப்படித்தான் ஒருவன் வந்தான். சாவுச் செய்தி சொன்னான், வயிறாரச் சாப்பிட்டான், செத்தவனின் வேட்டி சட்டையையும் வாங்கிக்கொண்டு போனான். அந்த வீட்டுக்காரி பாத்திமா மேரி தாலியைக் கழற்றினாள். கொஞ்ச நாளில் புருஷன் உயிரோடு வந்து நின்றான். அவனைப் பார்த்து விழுந்தவளுக்கு இன்றுவரை புத்தி நிலையில் இல்லை.

என் கை தாலியைப் பிடித்துக்கொண்டது.

கொழுந்தன் சின்னப்பராஜ் முன்னால் வந்தான். "யோவ், பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் வர்ற, பெட்ரோலுக்குப் பதிலா கரியில ஓடுற பஸ்ஸையே மேட்டுல எறங்கித் தள்ளணும். அதுக்கே பாதி நாள் போயிடும். நீ இம்பால்லேர்ந்து நாலு நாள்ல வந்துட்டியா? ரெக்கை மொளைச்சுதா?"

"ஏரோப்ளேன்ல வந்தேங்க. துரையை மெட்ராசுக்கு மாத்திட்டாங்க, என்னையும் ஏத்திக்கிட்டாரு. இம்பால்லேர்ந்து கல்கத்தா, ஒரு வேளை சோத்துக்கும் மறுவேளை சோத்துக்கும் நடுவுல வந்துடுது. அங்க ராத்தங்கல். மறுநாள் காலையில கெளம்பினோம், பொழுது சாயறதுக்குள்ள மெட்ராசு. நேத்து ராத்திரி ரயிலு, அரியலூர்லேர்ந்து நடை."

"சமையக்காரனை ஏரோப்ளேன்ல ஏத்தினாங்களாம். கேட்டுக்குங்க அண்ணி! அம்மிக்கல்லையும் ஏத்தியிருப்பாங்க."

"அம்மியை அங்கியே விட்டுட்டோமுங்க," என்றான் அவன், கேலி என்று தெரியாமல்.

சின்னப்பராஜ் குரலைத் தணித்தான். "சரிப்பா. அடக்கத்துல மணியாவது நல்லா அடிச்சாங்களா? எங்காளுங்களுக்கு அதுதான் முக்கியம்."

வலை விரிக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவன் சொன்னது பெரிய வெள்ளிக்கிழமை. முந்தின நாள் பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணியைக் கட்டிப்போட்டுவிடுவோம். ஆண்டவர் உயிர்க்கும்வரை எங்கள் கோயில் எதிலும் மணி அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். வேறு சாமி கும்பிடும் இவனுக்கு அது தெரிய வழியில்லை. புளுகுகிறவன் என்றால், அடித்தார்கள் என்பான்.

அடித்தார்கள் என்று சொல்லிவிடேன் என்று மனசுக்குள் அவனைக் கெஞ்சினேன்.

மதுரைவீரன் தலையைக் குனிந்தான். "கேக்குறீங்களேன்னு சொல்றேன். மணி இல்லீங்க. பாதிரியாரு பெட்டியில மணி இருந்துச்சு, நானே பாத்தேன். எடுக்கவே இல்ல. ரெண்டு கட்டையை வச்சு டொக்கு டொக்குன்னு தட்டினாரு. நல்ல மனுசன், அவருக்கு ஒரு மணிச் சத்தம்கூடக் கொடுத்து வைக்கலியேன்னு எனக்கு மனசே ஆறல."

சின்னப்பராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் தாலியிலிருந்து கையை எடுத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கோயிலில் துக்க மணி அடித்தது. இலையின் முன் உட்கார்ந்திருந்த மதுரைவீரன் நிமிர்ந்து பார்த்தான்.

"இங்க அடிக்கிறாங்களே?"

"பாஸ்கு முடிஞ்சுடுச்சு. இன்னைக்கு அடிக்கலாம்," என்றேன். "நீங்க சாப்பிடுங்க."