கஞ்சிக்கு உப்பு பார்க்கும் ஆள்

செஞ்சியில் கௌஸ் பாஷாவுக்கு ‘இல்லேன்னா பாஷா’ என்று ஒரு பெயர் உண்டு. மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்கு எழுதுகிறவர். "வல்லத்துலேர்ந்து நாளைக்கு வண்டி வந்துடும்" என்று யாராவது சொன்னால் போதும், "வரலேன்னா?" என்பார். மாடு நொண்டினால், மழை பிடித்துக்கொண்டால், வண்டிக்காரன் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டால் என்று அடுக்குவார். அது பயமில்லை, ஆர்வம். எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் அது எந்த இடத்தில் அறுந்துபோகும் என்று கண்டுபிடிப்பதில் மனிதருக்கு அப்படி ஒரு ருசி.

ஊரே அரிசிக்கு அலைந்த அறுபத்தாறாம் வருஷத்து ரம்ஜானில், பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிப் பொறுப்பை அவரிடம் விட்டார்கள். பஸ் ஸ்டாண்டு கூலிகளில் பாதிப் பேருக்கு ராத்திரிச் சாப்பாடே அந்தக் கஞ்சிதான். தினம் ஒரு அண்டாவுக்குத்தான் அரிசி. அது கெட்டால் மறு அண்டா கிடையாது. பாஷா வேலையில் இறங்கினார். விறகு நனைந்தால் எரிக்க உமி, கிணற்றுக் கயிறு அறுந்தால் மாற்றுக் கயிறு, சமையல்காரர் நசுருதீன் படுத்துவிட்டால் அப்துல் சுக்கூர் என்று எல்லாவற்றுக்கும் ஜோடி சேர்த்தார். "ஒருத்தர் மறந்தா இன்னொருத்தர் செஞ்சிடணும்" என்பது உத்தரவு.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஜோடி இல்லை. நோன்போடு சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்வார் உண்டு. நசுருதீன் அதற்கெல்லாம் ஒப்பமாட்டார். அதனால் வருஷா வருஷம், எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் கலியபெருமாள் சாயங்காலம் வந்து ஒரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு, உப்பு போதும் போதாது என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்குக் கூலி கிடையாது, யாரும் கூப்பிட்டதும் கிடையாது. அவராக வருவார். அதனாலேயே அவர் வராமல் போகலாம் என்பது பாஷாவுக்குக்கூடத் தோன்றவில்லை.

அன்று கலியபெருமாள் நெற்றி நிறைய நாமத்தோடு வந்தார். நீட்டிய கரண்டியைக் கண்டதும் பின்வாங்கினார்.

"வைகுண்ட ஏகாதசி பாய். இன்னிக்குத் தண்ணிகூடத் தொடல. சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். சிங்கவரம் பெருமாள் கோயிலுக்குக் கிளம்புறோம்."

அவர் தலை மறைந்ததும் சுக்கூர் மெதுவாக ஆரம்பித்தான். "நசுருதீன் பாய் தொழுவப் போயிருந்தாரு. மறந்திருப்பாருன்னு உப்பை நான் போட்டுட்டேன்."

"நான் போட்டுட்டுத்தானேடா போனேன்" என்றார் நசுருதீன்.

யானைக்கும் அடி சறுக்கும். பாஷாவின் ஜோடி ஏற்பாடே உப்பை இரட்டித்துவிட்டது. நொய் கலந்து சரிக்கட்டலாம். ஆனால் எவ்வளவு கலப்பது? வாயில் வைக்காமல் எப்படிச் சொல்வது? தெருவில் விளையாடிய பொடிசுகளைக் கூப்பிட்டால், அத்தனையும் தாங்களும் நோன்பு என்று நெஞ்சை நிமிர்த்தின, உதட்டில் மிட்டாய்ச் சாயத்தோடு. எதிர் வரிசைக் கடைக்காரர்கள் எல்லாரும் சிங்கவரம் போய்விட்டார்கள். கூலிகள் கிண்ணத்தோடு வர ஆரம்பித்தார்கள்.

பாஷா ஒரு தூக்கில் கஞ்சி மொண்டுகொண்டு, பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு ஓடினார். மனைவி ஷரீஃபுன்னிசாவிடம் நொய் இருந்தது. வாசனையிலேயே பதம் சொல்கிற பெண் வேறு. நடந்ததைச் சொல்லி முடித்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, தூக்கிலிருந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள்.

துப்புவாள் என்று பாஷா காத்திருந்தார். அவள் விழுங்கிவிட்டாள்.

"கரிக்குது. இந்த நொய்யை முழுசாப் போடுங்க. ரெண்டு தேங்கா பால் எடுத்து விடுங்க. சரியாப் பூடும்."

"ஷரீஃபா, நீ நோன்பு இல்லியா?"

"இல்லங்க. தலை சுத்துது. வைக்க முடியல."

பாஷாவுக்குப் புரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதற்கு முன் இரண்டு முறை உண்டானாள், இரண்டும் தங்கவில்லை. சட்டென்று அவள் பக்கம் நகர்ந்ததில் தூக்கு சாய்ந்து, கஞ்சி சட்டையில் சிந்தியது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போன ரெண்டு தடவையும் மூணாம் மாசமே வண்டிக்காரன், மருத்துவச்சி, தொட்டில் செய்றவருன்னு எல்லாரையும் ஏற்பாடு பண்ணி வச்சீங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. நீங்க மண்டிக்குப் போயிட்டீங்க. பதில் சொன்னது நான்." நொய்ப் பானையை அவர் கையில் வைத்தாள். "வயிறு தெரியுற வரைக்கும் வெளிய தெரிய வேணாம்."

அவருக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார்.

"இந்த நொய் முழுசும் போடுங்க. ரெண்டு தேங்காய்ப் பால்" என்றார் அண்டா அருகே வந்து.

நசுருதீன் நிமிர்ந்தார். "யாரு குடிச்சுப் பாத்தது?"

ஒன்று கேட்டால் பத்து விளக்கம் சொல்கிற மனிதர் நொய்ப் பானையை அவர் பக்கம் தள்ளினார். நசுருதீனின் பார்வை பாஷாவின் சட்டையில் சிந்தியிருந்த கஞ்சிக்குப் போனது.

"பாய், நோன்பை வுட்டுட்டீங்களா?"

"கிண்டுங்க. அடி பிடிக்கப் போவுது."

பாஷா நோன்பை விட்டுவிட்டார் என்ற பேச்சு பள்ளிவாசலுக்குள் சுற்றிவர நேரமாகவில்லை. பாங்கு சொன்னார்கள். கூலிகள் ஊதி ஊதிக் கஞ்சியைக் குடித்தார்கள்; ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, இரண்டாம் தரம் கேட்டவர்களும் உண்டு. சுக்கூர் பேரீச்சம்பழத் தட்டோடு வரிசையாக வந்தான். பாஷாவிடம் வந்ததும் தயங்கி, நோன்பை விட்டவருக்கு எதற்கு என்பதுபோல் தட்டை அடுத்தவரிடம் நீட்டினான்.

அவமானம் வரவேண்டிய இடத்தில் பாஷாவுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கஞ்சிக் கிண்ணத்தின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.