குறையாத எடை

கடைத்தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்றுதான் பெயர். பழுது பார்ப்பதும் சரிபார்ப்பதும் தொழில். அவர் கை பட்ட தராசு பொய் சொல்லாது; அதனாலேயே கறிக்கடைக்காரருக்கு அவரைக் கண்டால் ஆகாது. அப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு தராசில் கள்ளத்தனம் செய்தார். அதுவும் கட்டின மனைவிக்கு.

மனைவிக்கு வயிற்றில் புற்று. ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் மெஷின் ஒன்று கட்டிலோரம் கிடந்தது. ஒருநாள் அதில் ஏறி இறங்கியவள் தீர்மானமாகச் சொன்னாள்.

"இங்க பாருங்க, எடை நிக்கிற வரைக்கும் ஊசி போட்டுக்கறேன். குறைய ஆரம்பிச்சா விட்டுடுங்க. வீட்டுல, என் கட்டில்ல படுத்து நிம்மதியா போறேன்."

"முதல்ல வாயைக் கழுவு" என்றார் அவர்.

மதியம் அவள் கண்ணயர்ந்ததும் மெஷினைக் கவிழ்த்துப் போட்டார். ஆளில்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், ஏறினால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்ட வேண்டும். உள்ளிருந்த ஸ்பிரிங்கைத் தளர்த்தி அப்படியே செய்துவிட்டார். அவருக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். அவள் இளைக்க இளைக்க அவரும் தளர்த்திக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் பார்க்கும் எடையை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று நர்ஸம்மாவிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார். மகளிடம்கூட மூச்சுவிடவில்லை.

"துணியெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு, முள்ளு மட்டும் அசைய மாட்டேங்குதே" என்று ஒருமுறை சந்தேகப்பட்டாள். பிறகு அவளே, "நீங்க சரிபார்த்தது தப்பாவா காட்டும்?" என்று சமாதானமாகிவிட்டாள்.

ஊசிக்கு மேல் ஊசி. வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட எரிந்தது. "எடை நிக்குதுல்ல, போட்டுக்கறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டுவாள். அவர் வெளியே போய் அழுதுவிட்டு வருவார். உண்மையைச் சொல்ல நா எழவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள்.

கடைசியில் மூக்கில் குழாயோடு, தன் கட்டிலைக் கண்ணால் பார்க்காமலே, ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "கடைசி வரைக்கும் போராடினாங்க. என்ன மன உறுதி." அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் உட்கார்ந்தால் தராசைத் தொட மனம் வரவில்லை. ஒரு சாயங்காலம், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகளிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். திட்டட்டும், முகத்தில் காறித் துப்பட்டும், பாரம் இறங்கினால் போதும் என்றிருந்தது.

மகள் திட்டவில்லை. குழாயை மூடினாள்.

"அப்பா, கடைசி ஊசிக்கு முன்னாடி அம்மா என்கிட்ட கேட்டாங்க. போதும்டி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுன்னு. நான்தான், எடை குறையலையேம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு கெஞ்சி சம்மதிக்க வெச்சேன்."

அவர் பதறி அவளருகே போனார்.

"உன் தப்பு இல்லம்மா. உனக்குத்தான் தெரியாதே."

"இப்ப தெரிஞ்சிடுச்சே. நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்பா."

ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவளைத் தேற்ற ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார். இனி அவர் எதைச் சொன்னால் அவள் நம்புவாள்?