மடங்கக்கூடாத விரல்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அதை நானே ஒப்புக்கொள்வேன்; அடுத்தவர் சொன்னால்தான் பிடிக்காது. மூன்று வருஷத்துக்கு முன் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, என் புதுக் கண்ணாடி ஜாடியைக் கைதவறிப் போட்டு உடைத்தாள். அவளைப் பெற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதுபட, கையில் எலும்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டுவிட்டேன். அன்று தலையைக் குனிந்துகொண்டு மாடியிலிருக்கும் தன் வீட்டுக்குப் போனவள் அப்புறம் என் வீட்டுக்குள் வரவில்லை. சாவி கொடுப்பதென்றால்கூடக் கதவு இடுக்கில் சீட்டு எழுதிச் செருகுவாள்.

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள். புறப்பட்டால் திரும்ப இரண்டு வாரம் ஆகும்; வந்தாலும் ஓரிரு நாள்தான் தங்குவார்கள். அப்படி அவர்கள் இல்லாத ஒரு மத்தியானம், சின்னவள், அதான் என் ஓரகத்தி, என் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்று வலது கையை நீட்டினாள். மோதிர விரலின் நுனி மட்டும் தலைகவிழ்ந்து தொங்கியது. அவள் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். மெத்தைக்கு அடியில் விரிப்பை இழுத்துச் செருகும்போது ‘டக்’ என்றதாம். வலி பெரிதாக இல்லை, ஆனால் என்ன முக்கினாலும் நுனி நிமிரவில்லை என்றாள். பாவம், வேறு யாரிடம் போவாள்? கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. நுனியை நிமிர்த்தும் தசைநார் அறுந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். பிசியோதெரபி மேடம் விரல் நுனிக்கு அளவாக ஒரு பிளாஸ்டிக் கூடு செய்து மாட்டினார். ஆறு வாரம், இரவும் பகலும், அந்த நுனி மடங்கவே கூடாது. தினமும் கூட்டைக் கழற்றித் தோலைத் துடைக்கும்போது இன்னொருவர் நுனியை நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை மடங்கினாலும் ஒட்டிக்கொண்டு வரும் நார் விட்டுப்போகும், திரும்ப முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஆயுசுக்கும் விரல் இப்படித்தான் என்றார். விடுதி மேற்பார்வையாளரோ ஆறு வாரத்துக்கு மேல் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆக, மறுநாள் காலை ஏழு மணிக்குச் சின்னவள் என் சமையலறைக்கு வந்தாள். மேசை விளிம்பில் கையை வைத்தாள். நான் நுனியைப் பிடித்துக்கொள்ள, அவள் இடது கையால் கூட்டை உருவித் துடைத்தாள். முதல் வாரம் முழுக்க இரண்டு பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டதோடு சரி. இரண்டாவது வாரம், உடும்புப்பிடி பிடிக்கிறீர்கள், நகம் வெளுக்கிறது என்றாள். மூன்றாவது வாரம், தலையணை உறைக்குள் பிஸ்கட்டை ஒளித்துவைத்துவிட்டு எறும்பு கடிக்கிறது என்று சண்டைக்கு வந்த விருந்தாளியின் கதையைச் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் விரல் ஆடிவிடுமோ என்று இரண்டு பேருமே பயந்துபோனோம். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த கை அவளுடையது. அதைப் பிடித்திருக்கும் அந்தப் பத்து நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது. ஆறு வாரம் முடிந்தால் இவள் வரமாட்டாளே என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன்.

முப்பத்தொன்பதாவது நாள். கூடு மேசையில் இருந்தது, நுனி என் கையில் இருந்தது. எனக்குப் பின்னால் அடுப்பில் பால் பொங்கியது. இருபது வருஷத்துப் பழக்கம், யோசிக்கவே இல்லை. துள்ளிப் போய் அடுப்பை அணைத்தேன். திரும்பினால், மேசை விளிம்புக்கு வெளியே அவள் விரல் நுனி தொங்குகிறது.

சின்னவள் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கூட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அடுத்த மூன்று நாளும் அவள் வந்தாள், நான் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாற்பத்திரண்டாவது நாள் மேடம் கூட்டைக் கழற்றியதும் நுனி கவிழ்ந்தது. கட்டுப்போட்ட கைகளோடு ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எப்போதாவது மடங்கியதா என்று மேடம் கேட்டார்.

“தூங்கும்போது கழண்டுடுச்சு மேடம். நான்தான் கவனிக்கல,” என்றாள் சின்னவள்.

படித்துப் படித்துச் சொன்னேனே, இவ்வளவு அலட்சியமா என்று மேடம் பிடித்துக்கொண்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையை நான் முன்பே ஒரு தடவை என் கூடத்தில் பார்த்திருக்கிறேன்.

“அவ மேல தப்பில்ல. பால் பொங்குச்சு, நான்தான் கையை விட்டுட்டேன்,” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, வாசலில் நின்றவர்கூட எட்டிப் பார்த்தார்.

மேடம் புதுக் கூடு மாட்டி அனுப்பினார். இன்னும் ஆறு வாரம். வெளியே வந்ததும், ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

“நாலு பேர் முன்னாடி திட்டு வாங்கினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்கா. உங்களுக்கு அது வேணாம்னு பாத்தேன்.”

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. நடுத்தெருவில் நின்று, அந்த ஜாடி விஷயத்தில் நான் பேசியது தப்பு என்றேன்.

அவள் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “ஜாடி போனா போகுதுக்கா. பாலாவது தப்பிச்சுதா?”

என் கோபத்தாலும் ஒரு உபயோகம் உண்டென்று அன்று சாயங்காலம் தெரிந்தது. விடுதிக்குப் போய் மேற்பார்வையாளர் மேசை முன்னால் நின்றேன். பேச வேண்டியதைப் பேசினேன். விரல் சேரும்வரை ஈரத்தில் கை வைக்காமல் விரிப்புகளை அடுக்கும் துணி அறையில் இருக்கட்டும் என்று அவரே இறங்கிவந்தார்.

மறுநாள் ஏழு மணிக்குச் சின்னவள் வந்து மேசை விளிம்பில் கையை வைத்தாள். அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பாலே வைக்கவில்லை.