திருப்பி அனுப்பிய கேக்

"நான் சொல்றத முதல்ல கேளு ரெபேக்கா, நான் எதுக்கு வந்தேன்னா—"

"கேக்கத்தானே செஞ்சேன் மேடம்? இத்தன வருஷமா கோர்ட்ல நின்னுக்கிட்டே கேட்டேன்லா—"

"மேடம் மேடம்னு சொல்லாத. நேத்தோட ரிட்டயர் ஆயிட்டேன். உள்ள விடு, மாடி ஏறி முட்டி வலிக்குது."

"விடமாட்டேன்னா சொன்னேன்? வாங்க, உக்காருங்க. அந்த டப்பாவ மட்டும் செருப்புக்கிட்ட வச்சிட்டு வாங்க."

"கீழ மிட்டாய்க் கடைல வாங்கின பேடா. வேற ஒண்ணுமில்ல."

"இந்த வீட்ல யார்கிட்டயும் எதுவும் வாங்கற வழக்கம் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

அகல்யாவுக்குச் சுருக்கென்றது. அது அவளுடைய வாக்கியம். திவால் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் நீதிபதியான வருஷம், ரெபேக்கா கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்பியிருந்தாள். வாசல் காவலாளிக்கு இந்த வாக்கியத்தை ஹிந்தியில் சொல்லிக்கொடுத்து, கேக்கைத் திருப்பி அனுப்பியது அகல்யாதான்.

டெல்லி கரோல் பாக்கின் இந்த மாடி வீட்டில்தான் இருவரும் வக்கீல்களாக வாழ்க்கையைத் தொடங்கினார்கள். ஓர் அடுப்பு, ஒரு கட்டில், இருவருக்கும் ஒரே கறுப்பு கவுன். யாருக்குக் கேஸ் இருக்கிறதோ அவள் போட்டுக்கொண்டு போவாள். பிறகு ரெபேக்கா கிறிஸ்துதாஸைக் கட்டிக்கொண்டாள். வீட்டையும் விடாமல் ஆபீஸாக்கிக்கொண்டாள். அகல்யா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நீதிபதியானாள். ரெபேக்கா வாதாடுவது அதே தீர்ப்பாயத்தில். ஆகவே நட்பு கூடாது என்று அகல்யா தானாகவே முடிவெடுத்தாள். ரெபேக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அகல்யாவை நோக்கி ஒருவரும் விரல் நீட்டியதில்லை. மலை மந்திர் முருகன் கோயிலில் தெரிந்த வக்கீல் முகம் தென்பட்டால் விபூதி வாங்காமலே படியிறங்கிவிடுவாள். மோதி பாக் குவார்ட்டர்ஸில் ராத்திரி சாப்பிடும்போது, பேச்சுக் குரல் கேட்கட்டும் என்று டி.வியைச் சத்தமாக வைப்பாள். நேற்று விடைகொடுப்பு விழாவில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். இன்று காலையிலிருந்து போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. சமையல்காரத் தாயம்மாளிடம் தன் நம்பருக்கு ஒரு போன் போடச் சொன்னாள். அடித்தது. போனில் கோளாறில்லை. உடனே புடவை மாற்றிக்கொண்டு மெட்ரோ ஏறிவிட்டாள்.

"கேக்கத் திருப்பி அனுப்பின கோபமா?"

"அதுக்கென்ன கோபம்? எம் மவன் ஜோபின் ஒத்தையாவே தின்னு தீத்துட்டான்."

"அப்ப அந்தக் கேஸ்ல தோத்ததுக்கா?"

"அது நான் தோக்க வேண்டிய கேஸுதான். உங்க இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்."

அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் அகல்யாவின் பெயரைச் சொல்லித்தான் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். நொடித்துப்போன கம்பெனியிடம் யாருக்கு என்ன பாத்தியதை இருந்தாலும் குறித்த தேதிக்குள் வந்து கேட்டுவிட வேண்டும். பிந்தி வந்தவருக்கு ஒன்றும் இல்லை. பழைய கடன் எதுவும் கம்பெனியை வாங்கும் புது முதலாளியைத் தொடராது. பிந்தி வந்தவர் ரெபேக்காவின் கட்சிக்காரர்.

"நான் அந்தத் தீர்ப்ப எழுதிட்டிருந்த வாரந்தான் தாஸ் தவறிப்போனாரு. எப்படி வருவேன், சொல்லு? யாராவது ஒரு போட்டோ எடுத்திருந்தா?"

"கேஸ வேற பெஞ்சுக்கு அனுப்பியிருக்கலாம்லா. ஒரு வரி எழுதுனா போதுமே."

"மறுபடி முதல்லேருந்து கேக்கணும். ஃபேக்டரி திறக்கும்னு காத்துட்டிருந்த ஜனங்க கதி?"

"சரி. அதுவும் சரிதான். நீங்க செஞ்சது ஒண்ணுகூடத் தப்பு கிடையாது மேடம். அதான் எனக்குத் தாங்கல."

கீழே கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அகல்யா புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"நான் வந்தேன் ரெபேக்கா. கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும். வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன். இத யார்கிட்டயும் நான் சொன்னதில்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஜோபின் உன் வண்டியப் பாத்துட்டு ஓடி வந்து சொன்னான். பெட்டிய இறக்கப் போயிட்டாங்க. நான்தான் பாதிரியார்கிட்ட, கொஞ்சம் பொறுங்க ஐயரே, ஒருத்தி வந்துக்கிட்டிருக்கான்னு சொல்லி நிப்பாட்டினேன். அந்த வெயில்ல அத்தன பேரும் நின்னாங்க. நீ கண்ணாடியக்கூட இறக்கலயேட்டி!"

ஏட்டி. பாளையங்கோட்டைக்காரி வாயில் உரிமையோடு வரும் அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! திட்டாகத்தான் வந்தது, ஆனாலும் அகல்யாவுக்கு அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"அதான் இப்ப வந்துட்டேனே. இனிமே என்ன தடை? சாயங்காலத்துல வர்றேன், டீ போட்டுக் குடிப்போம், நீ உன் கேஸெல்லாம் சொல்லு..."

"உங்க தீர்ப்பத்தான் சொல்லுதேன் மேடம்." ரெபேக்காவின் குரலில் கிண்டல் இல்லை. "குறிச்ச தேதிக்குள்ள வரணும். ஆஸ்பத்திரில கிடந்தேன்னு அன்னிக்கு என் கட்சிக்காரர் அழுதாரு. நீங்க ஏத்துக்கல. பிந்தி வந்தவங்களுக்குப் பாத்தியதை கிடையாது."

எத்தனையோ வக்கீல்களின் வாயை அடைத்தவள் அந்தத் தீர்ப்பில் ஓர் ஓட்டை தேடினாள். எங்கே கிடைக்கும்? ஓர் ஓட்டைகூட விடாமல் அதை எழுதியவள் அவள்தானே.

"எனக்குக் கட்சிக்காரர் வர்ற நேரம்," என்று ரெபேக்கா எழுந்தாள்.

அகல்யா செருப்பை மாட்டிக்கொண்டு டப்பாவை எடுத்தாள். மாடிப்படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. இடுக்கில் ரெபேக்காவின் கை மட்டும் தாழ்ப்பாள்மேல் இருந்தது.

"தள்ளுபடி பண்ணிடாத ரெபேக்கா. ஒரு வாய்தாவாவது குடு."