காரமில்லாத குருமா

எங்கள் நாய் ஜில்லுவின் ஈறு வெளுத்துப் போயிருந்தது. ரெண்டு நாளாகச் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போயிற்று. நானும் என் கணவர் ஸ்ரீநிவாசனும் அதை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கோவிலம்பாக்கத்திலிருந்து பல்லாவரத்து நாய் டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் ஜெபின் சின்ன வயசுக்காரர். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே இருக்கின்றன என்றார். உண்ணிக் காய்ச்சலா என்று பார்த்தால் டெஸ்டில் அப்படி ஒன்றும் தெரியவில்லையாம். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு ஏதாவது தின்றதா என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக்குள் வெங்காயம் நுழைந்ததே கிடையாது, அது மாமியார் போட்ட சட்டம் என்றேன். ஜில்லுவுக்குத் தயிர் சாதம்தான். தெருவில் அவிழ்த்து விடுவதும் இல்லை.

பின்னே எப்படி? டாக்டருக்கு மண்டை காய்ந்தது. எனக்கும்தான். தயிர் புளித்துவிட்டதா, எதிர்வீட்டு டெபோரா போடும் பிஸ்கட்டா என்று அவரைத் துளைத்தெடுத்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். காரணம் தெரியாவிட்டால் மறுபடி அதையே தின்னும், இன்னொரு தடவை உடம்பு தாங்காது என்றார்.

பக்கத்தில் நின்ற என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போறச்சே, பரோட்டா கடையில வெள்ளைக் குருமா வாங்குவேன் டாக்டர். ஸ்கூட்டர் ஷெட்லயே நின்னு சாப்ட்டுட்டு, மீதியை இதுக்கு ஊத்திடுவேன். காரமே கிடையாது. தேங்காயும் முந்திரியும், பால் மாதிரி இருக்கும்."

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக!

காரம் பெரிய விஷயமே இல்லை என்றார் டாக்டர். மிளகாய் வயிற்றைக் கெடுக்கும், அவ்வளவுதான். குருமாவில் மழமழவென்று அரைத்து விட்டிருக்கும் வெங்காயமும் பூண்டும்தான் நாயின் ரத்தத்தை உடைக்குமாம். கண்ணுக்கே தெரியாது. எண்ணெய் வேறு. மாற்று மருந்து கிடையாது, டிரிப்ஸ் ஏற்றி ரத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போதாவது சொன்னீர்களே சார், பிழைத்துக்கொள்ளும் என்றார்.

சாயங்காலம் ஜில்லு தண்ணீர் குடித்தது. அப்பாடா என்றிருந்தது. இவர் என் முகத்தையே பார்க்காமல், கோபமா என்று கேட்டார். கோபம் இல்லாமல் என்ன?

"எங்கப்பா ஆத்துல சின்ன வெங்காய சாம்பார் இல்லாத ஞாயித்துக்கிழமையே கிடையாது. உங்களுக்காகத்தான் விட்டேன். மீந்ததை நாய்க்கு ஊத்தினேளே, ஒரு நாளாவது என்னைக் கூப்பிடணும்னு தோணலியா?"